நீரிழிவின் இடர் மரபணு: கிரீன்லாந்துச் சான்றை முன்வைத்து

இரண்டாம் வகை நீரிழிவின் மரபியலில் இன்று எண்ணிக்கையே ஆட்சி செய்கிறது. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு, 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி, நோயோடு தொடர்புடைய 611 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை நோய் வரும் வாய்ப்பை மிகச் சிறிதளவே கூட்டுபவை. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்த டிசிஎஃப்7எல்2 மாறுபாடு, ஐரோப்பியரிடம் பரவலாகக் காணப்படுவனவற்றுள் வலிமையானது. அதுவும் ஒரு பிரதிக்குச் சுமார் 40 விழுக்காடே வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே இன்னும் பல லட்சம் பேரைச் சேர்த்தால்தான் எஞ்சியவை புலப்படும் என்ற நம்பிக்கை துறையில் வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கை பாதி உண்மை மட்டுமே. எத்தனை பேரை ஆராய்கிறோம் என்பதற்கு இணையாக, எந்தச் சமூகத்தை ஆராய்கிறோம், அவர்களுடைய சர்க்கரையை எப்படி அளக்கிறோம் என்பவையும் கண்டுபிடிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று கிரீன்லாந்திலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ 56,000 மக்களே வாழும் அத்தீவில், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,575 பேரை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். டிபிசி1டி4 என்ற மரபணுவில், புரதத்தை இடையிலேயே முறித்துவிடும் ஒரு மாறுபாடு அங்கே மிகப் பரவலாக இருந்தது. அம்மக்களிடம் அதன் நிகழ்வெண் 17 விழுக்காடு. ஐரோப்பியத் தரவுகளில் அதைத் தேடினால் கிட்டாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாறுபாட்டைப் பெற்றவர்கள் அங்கே நூற்றுக்கு நான்கு பேர். அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்து மடங்கு. ஒரே ஒரு மாறுபாடு, ஒரு நாட்டின் நீரிழிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விளக்கிவிடுகிறது. லட்சக்கணக்கானோரின் தரவுகளில் கிடைத்த எந்த ஒரு பொது மாறுபாடும் இதன் அருகில் வராது.

இம்மாறுபாடு செயல்படும் விதம் கவனத்துக்குரியது. உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின், தசைச் செல்லுக்குள் இருக்கும் குளுக்கோஸ் கடத்திகளைச் செல்லின் மேற்பரப்புக்கு வரவழைக்கிறது. அந்த நகர்வுக்கு டிபிசி1டி4 புரதம் தேவை. எலும்புத் தசையில் அப்புரதத்தின் நீண்ட வடிவம் இல்லாமற்போனால், உண்ட சர்க்கரை தசைக்குள் புகாமல் இரத்தத்திலேயே தங்கிவிடும். குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்துக்குப் பின், இரு பிரதிகள் உடையோரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 68 மில்லிகிராம் சர்க்கரை கூடுதலாக இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ உயரவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது.

இங்கேதான் அளவீட்டின் கேள்வி எழுகிறது. காலையில் வெறும் வயிற்றில் மட்டும் இரத்தம் எடுத்திருந்தால், இம்மரபணு ‘காக்கும் மரபணு’ என்று பதிவாகியிருக்கக்கூடும். கனடாவிலும் அலாஸ்காவிலும் வாழும் இனுவிட் மக்களிடம் நடந்த ஆய்வை 2016இல் வெளியிட்டவர்கள் இதை உறுதிப்படுத்தினர். இம்மாறுபாடு உடையவர்களில், நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தோருள், குளுக்கோஸ் அருந்திச் செய்யும் சோதனை இல்லாவிட்டால் கண்டறியப்படாமல் போயிருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். நோயை வரையறுக்கும் சோதனையே சிலரை நோயாளிகளின் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அந்தக் கணக்கை நம்பித்தான் மரபணு ஆய்வும் தொடங்குகிறது.

இனி, இந்த மரபணுவை நோயின் காரணம் என்று சொல்லலாமா? 1960களில் கிரீன்லாந்தில் நீரிழிவு மிக அரிதாகவே காணப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு வாழும் இனுவிட் மக்களில் 35 வயது கடந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியது உணவு: சீல், திமிங்கிலம், மீன் என்று கொழுப்பும் புரதமும் மிகுந்து, மாவுச்சத்து அரிதாக இருந்த தட்டில், கப்பலேறி வந்த மாவும் சர்க்கரையும் இடம்பிடித்தன. சர்க்கரை வராத உடலில் தசையின் கதவு திறக்காவிட்டால் என்ன கேடு? அப்படியானால் மரபணு பொருட்டில்லை என்பாரும் உண்டு. அதையும் ஏற்க முடியாது. ஒரே தட்டில் உண்ணும் உடன்பிறந்தாருள்ளும் இரு பிரதி பெற்றவரின் நிலை வேறு. இடர் என்பது மரபணுவுக்குள் மட்டும் இருப்பதன்று. மரபணுவும் உணவும் சந்திக்கும் இடத்தில் அது உருவாகிறது. 1962இல் ஜேம்ஸ் நீல் முன்வைத்த ‘சிக்கன மரபணு’ கருதுகோள் இச்சந்திப்பை உணர்ந்திருந்தது, ஆனால் பஞ்சத்தின் தேர்வையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கியது. சிறிய மக்கள்கூட்டத்தில் ஒரு மாறுபாடு தற்செயலாகவும் பெருகலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

இவ்வாதம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரெய்க் ஆகியோர் உள்ளிட்ட குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு, 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஒப்பிட்டது. அவற்றில் 81 குழுக்களில், சில மூதாதையரிடமிருந்தே பெருகியதன் தடம் ஃபின்லாந்து மக்களிடம் உள்ளதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. நூற்றாண்டுகளாகத் தொடரும் அகமணம் இதன் காரணம். தமிழ்நாட்டில் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் மண உறவுகளும் சேரும்போது, ஒரே மாறுபாட்டின் இரு பிரதிகள் ஒருவரிடம் கூடும் வாய்ப்பு மேலும் மிகுகிறது. 2024 தொகுப்பாய்விலோ தெற்காசியரின் பங்கு நூற்றுக்குச் சுமார் மூன்று. மேலும், வழக்கமான ஒப்பீட்டு ஆய்வுகள் ஒவ்வொரு பிரதியும் சம அளவில் இடரைக் கூட்டும் என்றே கணக்கிடுகின்றன. இரு பிரதிகள் சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் ஒடுங்கு பண்பு அக்கணக்கில் எளிதில் நழுவிவிடும். கிரீன்லாந்து மாறுபாடு அப்படிப்பட்டதுதான். நம்மிடம் அதைப் போன்றது இருக்கிறது என்று நான் கூறவில்லை. இருந்தாலும் இன்றைய முறைகளுக்கு அது அகப்படாது என்றே கூறுகிறேன்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ ஆய்வு. அவர்களில் மிகச் சிலருக்கே பொருந்தக்கூடிய மாறுபாட்டை ஏன் தேட வேண்டும் என்ற எதிர்ப்பு நியாயமானது. பிறந்த சில மாதங்களில் வரும் நீரிழிவு அதற்கு விடை தருகிறது. கேசிஎன்ஜே11 மரபணுவின் பங்கு 2004இல் தெளிவானபின், அக்குழந்தைகளில் பலர் இன்சுலின் ஊசியிலிருந்து சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடிந்தது. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் குத்தும் ஊசி நின்றுபோவதை எண்ணிக்கைக் கணக்கில் சிறிதென்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே தமிழ்நாட்டின் மரபியல் ஆய்வுகள் குளுக்கோஸ் அருந்திச் செய்யும் இரண்டு மணி நேரச் சோதனையைக் கைவிடக் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை மலிவும் எளிமையும் உடையதாயினும் அதற்கு ஈடாகாது. குழுக்களின் பெயரை வெளியிடுவதற்கு முன் அக்குழுவினரோடு பேசி இசைவு பெற வேண்டும். ‘இந்தச் சாதிக்குச் சர்க்கரை வரும்’ என்ற பேச்சு ஊரில் ஒருமுறை பரவிவிட்டால், அது பெண் பார்க்கும் வீடுவரை போய்ச் சேரும். பிறகு எந்த ஆய்விதழின் திருத்தமும் அதைப் பின்தொடர்ந்து பிடிக்க முடியாது.