பயிர்க்காவலும் சமூகமும்: இலங்கை வரலாற்றில் ஒரு நோக்கு

உழவின் வரலாறு பெரும்பாலும் நீரின் வரலாறாகவும் நிலத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. குளமும் வாய்க்காலும் நிலவுரிமையும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு வேலியும் பரணும் பெறவில்லை. ஆயினும், காட்டையடுத்து வாழ்ந்த உழவனுக்கு விதைத்ததைக் காப்பது விதைப்பதினும் கடினமான தொழிலாகவே இருந்தது. யானை, பன்றி, குரங்கு, மயில், அணில் முதலியவற்றிடமிருந்து பயிரைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை நோக்கின், பயிர்க்காவலின் வரலாறு சமூக உறவுகளின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம்.

தமிழில் இதற்கான மிகப் பழைய சான்றுகள் சங்க இலக்கியத்தின் குறிஞ்சித்திணைப் பாடல்களில் உள்ளன. பகலில் மகளிர் இதணத்தின் மீதமர்ந்து தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் ஒலியெழுப்பித் தினையுண்ணும் கிளிகளை ஓட்டினர். இரவில் ஆடவர் பரண்மீதிருந்து யானையையும் பன்றியையும் விலக்கினர். பன்றிக்கென வைக்கப்பட்ட கல்லடாரை மலைபடுகடாம் குறிப்பிடுகின்றது. விரட்டுதலும் கொல்லுதலும் அக்காலத்திலேயே அருகருகே நிலவின என்பது இதனாற் பெறப்படும். எனினும் காவல் என்பது குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொண்ட உழைப்பாக இருந்தமை கருதத்தக்கது.

இலங்கையின் நிலையை நோக்குவோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், யானைகள் நெற்பயிரை உண்டும் மிதித்தும் தென்னைகளை அழித்தும் விளைத்த சேதத்தை விவரித்துள்ளார். வரண்ட வலயச் சேனைகளில் பரணும் தீயும் கூக்குரலுமே காவலனின் துணைகளாயின. சிங்களக் கிராமங்களிற் காவற் குடில் ‘பெல’ எனப்பட்டது; உறக்கத்தையும் அச்சத்தையும் போக்க அங்கு பாடப்பட்ட பாடல்கள் ‘பெல் கவி’ என்னும் நாட்டார் இலக்கிய வகையாக நிலைபெற்றன. வன்னியில் அலம்பல் வேலியும் வெருளியும் பயன்பட்டன.

இக்காவலின் கூட்டுத்தன்மையை மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1961 இல் வெளியிட்ட புல் எலிய பற்றிய ஆய்வு தெளிவாக்குகின்றது. நுவரகலாவியவின் அக்கிராமத்திற் சேனைகள் சில்லு வடிவில் வகுக்கப்பட்டன. ஒவ்வொருவரின் பங்கும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி விரிந்தது; விளிம்பைச் சுற்றிப் பொதுவேலி அமைந்தது. ஒருவரின் வேலி பழுதுற்றால் அனைவரின் பயிரும் அழியும். ஆதலால் அயலவரின் கவனக்குறைவு ஊரின் வழக்காக மாறியது. வயலைப் பொறுத்தவரை, வேலியடைத்தலை வற்புறுத்தும் அதிகாரம் வெல்விதானையிடம் இருந்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின்னர் அப்பதவி மறைந்து, அதன் பணிகள் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் சென்றன.

இதற்கு முன்னரே பிரித்தானியர் ஆட்சி வேறொரு விடையை அளித்திருந்தது. காட்டுவிலங்கு அரசின் பகையாகக் கருதப்பட்டு, அதன் தலைக்கு விலை வைக்கப்பட்டது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டமைக்கு வெகுமதி கோரப்பட்டதென எமர்சன் டெனன்ற் பதிவு செய்துள்ளார். 1851 க்கும் 1856 க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டது. கோப்பித் தோட்டமொன்றில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்ட செய்தியையும் அவரே தருகின்றார். காடழித்துத் தோட்டமமைத்தோர், காட்டிலிருந்து வந்த உயிர்களைப் படையெடுப்பாளராகக் கண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் அரசின் நோக்கு மாறியது. 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1949 இல் வனசீவராசிகள் திணைக்களம் தோன்றியது. விலங்கைக் காத்தல் அரசின் கடமையாயிற்று. ஆனால் பயிரைக் காத்தல் யாருடைய கடமை என்பது தெளிவுபடவில்லை. கூட்டுக்காவல் தளர்ந்த இடங்களில், உழவன் தனித்து நின்று கட்டுத்துவக்கையும், தீனியில் மறைக்கப்படும் வெடியையும் நாடினான். இவை பன்றியையும் யானையையும் வழிச்செல்லும் மனிதரையும் வேறுபடுத்தி அறிவதில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தமை இம்முரண்பாட்டின் கொடுமையைப் புலப்படுத்தும்.

மின்வேலியின் வரலாறும் இதே படிப்பினையைத் தருகின்றது. திணைக்களங்களின் நிருவாக எல்லைகளில் அமைந்த பல வேலிகளின் இருபுறமும் யானைகள் இருந்தமையால் அவை பயனற்றுப் போயின. மாறாக, உழவர் தாமே தம் வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் அமைத்துப் பராமரித்து, அறுவடையின் பின் அகற்றும் வேலிகள் கூடிய பயன் அளித்துள்ளன. அறுவடை முடிந்த வயலில் யானை மேயவும் அவை இடமளிக்கின்றன. பழைய பொதுவேலியின் தத்துவமே புதிய கம்பியில் மீண்டும் உயிர்பெற்றுள்ளது எனலாம்.

எனினும் பழங்காவலைப் பொற்காலமாகக் கொள்வது பொருந்தாது. பரணிற் கழிந்த இரவுகள் உறக்கமிழந்த இரவுகள். பகற்காவலுக்கு நின்ற சிறுவரும் மகளிரும் ஊதியமின்றி உழைத்தோர். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையை மீண்டும் புனங்காக்க அனுப்ப எவரும் விரும்பார். மேலும், மரத்திலேறிக் குரும்பையைக் கடிக்கும் மர அணிலுக்கும் கூரைவழி வரும் குரங்குக்கும் தரைவேலி தடையாகாது. 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடெங்கும் மக்கள் தத்தம் காணிகளிற் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணுமாறு அரசு கேட்டுக்கொண்டது. அக்கணக்கின் துல்லியம் பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் வீட்டுத்தோட்டத்தின் இழப்பும் நாட்டின் பொதுப்பிரச்சினையே என்பதை அது ஏற்றுக்கொண்டது.

எண்ணுவதற்கு ஒன்றுகூடிய ஊர், காப்பதற்கும் ஒன்றுகூடுமா என்பதே இன்றைய வினா. பண்டைய ஊர் அதனைக் கட்டாயத்தாலும் குடும்ப உழைப்பாலும் நிறைவேற்றியது. இக்காலச் சமூகம் இழப்பீட்டாலும் காப்புறுதியாலும் பொதுவேலிக்கான பொதுச்செலவாலும் அதனை நிறைவேற்ற வேண்டியுள்ளது. அச்சுமையை வறிய உழவன் ஒருவன்மீது மட்டும் ஏற்றும் வரை, அவன் கையில் துவக்கு இருக்கும். காட்டுயிர் அழிவும் தொடரும்.