செராம்பூர் கற்ற சீனம்



பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அதிகத் தொலைவிலில்லாத மில்லர்ஸ் சாலையில் ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. 1910இல் தோன்றிய அக்கல்லூரியில் பயின்றோர், வங்காளத்துச் செராம்பூரின் பெயராலேயே பட்டம் பெற்று வந்துள்ளனர். அப்பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

நம் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் ஒரு காலத்தில் டேனியர் வசமிருந்தது. அங்கே கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூன்று ஆங்கிலப் பாதிரிமார் 1818இல் ஒரு கல்லூரியை நிறுவினர். கீழை இலக்கியத்தையும் மேலை விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்பிப்பது அதன் நோக்கம். பட்டமளிக்கும் உரிமையை டென்மார்க் மன்னர் 1827இல் சாசனமாக வழங்கினார்.

இம்மூவருள் மார்ஷ்மன் சீன மண்ணை மிதித்ததே இல்லை. எனினும் மக்காவில் பிறந்த ஆர்மீனியரான லாசரிடம் சீன மொழி பயின்றார். 1809இல் கன்பூசியஸின் வாக்குகளை ஆங்கிலத்திலும், 1814இல் சீன இலக்கணமொன்றையும் வெளியிட்டார். விவிலியம் முழுவதும் 1822இல் சீனத்தில் நிறைவெய்தியது. இதற்கெனச் சீன எழுத்துக்களை உலோக அச்சில் சமைத்ததும் செராம்பூரே.

ஆயினும் சீனம் அங்கே வேரூன்றவில்லை. மார்ஷ்மன் 1837இல் மறைந்தார். காரணம் என்ன? அதே 1818இல் மலாக்காவில் ராபர்ட் மாரிசன் தோற்றுவித்த ஆங்கில-சீனக் கல்லூரியோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே சீன இளைஞர் ஆங்கிலமும், ஐரோப்பியர் சீனமும் கற்றனர். 1843இல் அக்கல்லூரி ஹாங்காங்குக்குப் பெயர்ந்தது. அதன் தலைவரான ஜேம்ஸ் லெக், பின்னர் சீனச் செவ்விலக்கியங்களை மொழிபெயர்த்தபோது வாங் தாவ் என்ற சீன அறிஞர் அவருக்குத் துணைநின்றார். லெக்கின் அழைப்பில் ஸ்காட்லாந்துக்கும் சென்றார். 1911இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் அமைந்தபோது, அதன் கட்டடத்துக்குப் பெரும்பொருள் ஈந்தவர் பம்பாயில் பிறந்த பார்சி வணிகர் மோடி.

செராம்பூரில் சீனம் மொழிபெயர்ப்புக்குரிய பொருளாக இருந்தது. உடன் கற்கும் தோழனாக இருக்கவில்லை. இரு கரையினரும் நடந்தால்தான் பாலம் நிலைக்கும்.

மார்ஷ்மனின் கன்பூசியஸ் நூல் வெளிவந்த அதே 1809இல்தான் பெங்களூர்த் தண்டுப் பகுதியும் உருவாயிற்று. சிப்பாய்களாகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் அங்குக் குடியேறினர். அன்று தொட்டு அண்டை வீட்டார் பேசுவது கன்னடம். நம் மொழியைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் புகட்டுவோம். அண்டையார் மொழியையும் அக்கறையோடு கற்போம். அவர்களும் நம் இலக்கியத்தை நாடி வருவர்.