நுண்மையும் செம்மையும்: மின்னளவையின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

ஒரு பொருளைப் பன்முறை அளந்து, அளக்குந்தோறும் ஒரே விடையைப் பெற்ற ஒருவன் தன் விடையே சரியானதென நம்புதல் இயல்பு. ஆயின் அவ்வொற்றுமை அந்நம்பிக்கைக்குப் போதிய சான்றாகாது. வணிகன் ஒருவனின் படிக்கல் தேய்ந்திருப்பின், அவனுடைய தராசு எத்துணை நுண்ணியதாயினும் அவன் நிறுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு நிறையும் ஒரே அளவாகக் குறைந்தே இருக்கும். அளவீடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்றலை நுண்மை என்றும், அவை மெய்ம்மதிப்பை நெருங்கி நிற்றலைச் செம்மை என்றும் ஈண்டு வேறுபடுத்திக் கொள்ளலாம். வழக்கில் இவ்விரண்டையும் துல்லியம் என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுவதால் விளையும் மயக்கம் சிறிதன்று. அம்மயக்கம் ஆராய்ச்சிக் கூடங்களுள்ளும் புகுந்ததுண்டு என்பதற்கு, மின்றடையின் அலகாகிய ஓமின் வரலாறே தக்க சான்றாகும்.

1858ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் அத்திலாந்திக்குப் பெருங்கடலின் அடியே இடப்பட்ட முதற் றந்திவடம் விக்ரோறியா மகாராணியாரின் வாழ்த்துச் செய்தியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. சில வாரங்களுள் ஊமையாயிற்று. வடத்தின் எவ்விடத்தில் பழுது நேர்ந்தது என்பதைக் கரையிலிருந்தே அறிய வேண்டுமாயின், அதன் தடையை அளந்து, மைலுக்கு இவ்வளவு தடை என்னும் கணக்கோடு ஒப்பிடல் வேண்டும். ஆனால் தடைக்கு அக்காலத்தில் எல்லாருக்கும் பொதுவான அலகு இல்லை. ஒருவர் யக்கோபி அனுப்பிய செப்புக் கம்பியைக் கொண்டு அளந்தார். மற்றொருவர் தம் நாட்டுத் தந்திக் கம்பியின் ஒரு மைல் நீளத்தை அலகாகக் கொண்டார். 1860இல் வேணர் சீமன்ஸ், ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்பும் உடைய இரச நிரலின் தடையை அலகாக்கலாம் என்றார்.

இந்நிலையில் 1861இல் பிரித்தானிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம், வில்லியம் தொம்சனின் தூண்டுதலால், ஒரு குழுவை அமைத்தது. ஏதேனும் ஒரு கம்பியை அலகென்று பறைசாற்றுவது அக்குழுவின் நோக்கமன்று. நீளம், திணிவு, நேரம் என்னும் அடிப்படைகளிலிருந்தே தடையின் அலகைப் பெற அது விழைந்தது. மின்காந்த முறையிற் கணிக்குங்கால் தடைக்கு வேகத்தின் பரிமாணம் அமைவதால், செக்கனுக்கு ஒரு கோடி மீற்றர் என்பதே ஓமாக வகுக்கப்பட்டது. கருத்து உயர்ந்தது, அதனை ஒரு கம்பிச் சுருளில் நிலைநாட்டுவதே இடர்.

அவ்விடரை ஏற்றவர்கள் கிளாக் மக்ஸ்வெல், பல்பர் ஸ்ரூவேட், பிளீமிங் ஜென்கின் ஆகியோர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1863இலும், மீண்டும் 1864இலும் பரிசோதனை நிகழ்ந்தது. பெரிய கம்பிச் சுருள் ஒன்று நிலைக்குத்தான அச்சைப் பற்றிச் சுழற்றப்பட்டது. புவியின் காந்தப்புலத்தைச் சுருள் வெட்டுதலால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும். அவ்வோட்டம் சுருளின் நடுவே தொங்கும் சிறு காந்தத்தைத் திருப்பும். ஓட்டத்தைப் பிறப்பிப்பதும் காந்தத்தைப் பின்னிழுத்து நிறுத்துவதும் அதே புவிப்புலமாதலின், அதன் வலிமை கணக்கிலிருந்து நீங்கிவிடும். எஞ்சுவன சுருளின் பருமன், சுழலும் வேகம், திரும்பிய கோணம் ஆகியனவே. அவற்றிலிருந்து தடை பெறப்படும். இத்துணை அழகிய முறையில் வழு ஒளிந்திருக்கும் என எவரும் எளிதில் ஐயுறார்.

பிளாற்றினமும் வெள்ளியும் கலந்த கம்பியாலான நியமச் சுருள்கள் 1865இல் வெளிவந்தன. உவீற்சன் பாலத்தின் துணையால் ஒரு சுருளை மற்றொன்றோடு ஒப்பிட்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த வேறுபாட்டையும் கண்டுகொள்ள முடிந்தது. தந்திப் பொறியியலாளர் அவற்றை மகிழ்ந்து ஏற்றனர். வடத்தின் பழுதைத் தேடுவோர்க்கு வேண்டியது எல்லாருக்கும் ஒரே அளவு. மெய்யான ஓமுக்கு அது எவ்வளவு அணித்து என்பதன்று. நுண்மை ஒன்றே போதுமான தொழிலும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

பிற நாட்டார் வேறு முறைகளில் அளக்கத் தொடங்கியபோதே குழப்பம் வெளிப்பட்டது. கோல்றௌஷ் அச்சுருள் மெய்யான ஓமினும் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு மிகை என்றார். லோறென்ஸ் 1873இல் அதே அளவு குறை என்றார். அமெரிக்கராகிய றோலண்ட் 1878இற் பெற்ற மதிப்பு 0.9911. ஒவ்வொருவரும் தேர்ந்த பரிசோதகர். ஒவ்வொருவருடைய அளவீடுகளும் தம்முள் நன்கு பொருந்தின. ஆயினும் ஒருவர் விடை மற்றவர் விடையோடு பொருந்தவில்லை.

மக்ஸ்வெல் 1879இல் மறைந்தபின் கேம்பிறிட்ஜில் கவென்டிஷ் பேராசிரியரான றேலி பிரபு, பழைய சுழற்சுருட் கருவியையே மீண்டும் கையிலெடுத்தார். சூஸ்ரருடன் சேர்ந்து 1881இல் 0.9893 என்னும் மதிப்பைப் பெற்றார். பின்னர்ப் பெரியதொரு கருவியமைத்து 1882இல் 0.9865 எனக் கண்டார். சுழலும் வேகத்தை இசைக்கவையின் அதிர்வோடு ஒப்பிட்டுக் காத்தமை அவர் முறையின் சிறப்பு. 1863-64 கணக்கில் சுருளின் தன்றூண்டலுக்குரிய திருத்தம் சரியாக மதிப்பிடப்படவில்லை என்பதும் இவ்வாராய்ச்சியால் வெளியாயிற்று. இத்தகைய வழு, அளவீட்டை ஆயிரமுறை திரும்பச் செய்தாலும் வெளிப்படாது. ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே அளவில் நின்று சராசரியினுள்ளும் புகுந்துவிடும். எழுமாற்று வழுக்களோ கூட்டிச் சராசரி காணுந்தோறும் தேய்வன.

றேலி தம் விடையையும் அம்முறையை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. மைத்துனியாராகிய எலனர் சிஜ்விக் அம்மையாருடன் லோறென்சின் சுழல்தட்டு முறையால் மீண்டும் அளந்து, 1883இல் 0.9868 எனப் பெற்றார். வழுவின் தோற்றுவாய்கள் வெவ்வேறான இரு முறைகள் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்குள் ஒத்தமை, ஒரே முறையின் நூறு அளவீடுகள் ஒத்தலினும் எத்துணையோ வலிய சான்றாம். உலகெங்கும் பரவியிருந்த சுருள்கள் நூற்றுக்கு 1.3 பங்குக்கு மேற் குறைவுடையன என்பது உறுதியாயிற்று. 1893இல் சிக்காகோவிற் கூடிய மின்னியன் மாநாடு, 106.3 சதமமீற்றர் நீளமும் 14.4521 கிராம் திணிவுமுள்ள இரச நிரலின் தடையை, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில், சர்வதேச ஓமென வகுத்தது.

ஆராய்ச்சிக் கூடத்தின் இவ்வேறுபாடு தொழிலாளியின் கைக்கருவியிலும் தொடர்ந்தது. எட்வேட் வெஸ்ரன் 1880களின் இறுதியில் நிலைக்காந்தமும் அசையும் சுருளும் கொண்ட மானிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1923இல், பிரித்தானிய அஞ்சற்றிணைக்களப் பொறியியலாளரான டொனால்ட் மக்காடி, பல மானிகளைச் சுமந்து திரிதலை ஒழிக்க, அம்பியர், வோல்ற்று, ஓம் மூன்றையும் அளக்கும் அவோமானியை ஆக்கினார். இத்தகைய மானிகளின் அளவுகோலின் கீழ்க் கண்ணாடிக் கீற்று ஒன்று பதிக்கப்படுவதுண்டு. முள்ளும் அதன் விம்பமும் ஒன்றாகத் தோன்றும்வண்ணம் நோக்கின் வாசிப்பு நுண்மையுறும். செம்மையோ அக்கண்ணாடியால் வருவதன்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தலைக்கு 100,000 ஓம் கொண்ட இரு தடைகள் தொடராக 100 வோல்ற்றுக்கு இணைக்கப்பட்டுள்ளன; ஒன்றின் குறுக்கே உள்ள அழுத்தம் 50 வோல்ற்று. வோல்ற்றுக்கு 1,000 ஓம் உணர்திறனுடைய மானியை 100 வோல்ற்று வீச்சில் அதன் குறுக்கே இணைத்தால், மானியின் 100,000 ஓம் அத்தடையோடு சமாந்தரமாகச் சேர்ந்து அதனைப் பாதியாக்கும். முள் 33.3 வோல்ற்றைக் காட்டும். எத்தனை முறை இணைப்பினும் 33.3 தான்! முள்ளும் பொய் கூறவில்லை. மானி இணைந்தபின் அங்குள்ள அழுத்தம் மெய்யாகவே அவ்வளவே. அளக்க வந்தவனே அளக்கப்படுவதை மாற்றிவிட்டான். வோல்ற்றுக்கு 20,000 ஓம் உடைய மானி அதே இடத்தில் ஏறக்குறைய 48.8 காட்டும், 1951இல் வெளிவந்த எட்டாம் மாதிரி அவோமானி இவ்வுணர்திறனைப் பெற்றிருந்தது. முழு வீச்சில் நூற்றுக்கு இரண்டு என வழு குறிக்கப்பட்ட மானியொன்றில், 100 வோல்ற்று வீச்சிலே 10 வோல்ற்றை வாசிப்பவன், 2 வோல்ற்றுவரை பிழைபடக் கூடும் என்பதையும் மாணவர் பலர் மறந்துவிடுவர்.

1950களில் எண்முறை வோல்ற்றுமானிகள் தோன்றியபின் முள்ளுக்குப் பதிலாக இலக்கங்களே கண்முன் நின்றன. நான்கு, ஐந்து, ஆறு என இலக்கங்கள் பெருகின. ஆயின் கடைசி இலக்கத்துக்குப் பொருள் உண்டா என்பதை அம்மானியின் உள்ளே இருக்கும் நியமமே தீர்மானிக்கும். அந்நியமமோ தேசிய ஆய்வுகூடங்களின் நியமத்தோடு ஒப்பிடப்பட்டே மதிப்புப் பெறும். அத்தேசிய நியமங்களும் மாறாதனவல்ல. 1948இல் சர்வதேச ஓம் கைவிடப்பட்டபோது, அது தனி ஓமினும் பத்தாயிரத்தில் ஏறக்குறைய 5 பங்கு மிகை எனக் கணிக்கப்பட்டிருந்தது. 1990 சனவரி முதலாந் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வோல்ற்று நியமம் பத்து இலட்சத்தில் 9.264 பங்கு உயர்த்தப்பட்டது. அன்றுமுதல் அந்நாட்டின் மிக நுண்ணிய எண்முறை மானிகளைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. முள்மானிகளுக்கு அத்தேவை எழவில்லை.