ஒரே மலை, மூன்று பாதைகள்: இத்தாலிய அரசு ரயில்வேயின் 120 ஆண்டுகள்

இத்தாலிய அரசு ரயில்வே 1905 ஜூலை 1 அன்று பிறந்தது. 2025-இல் 120 ஆண்டு நிறைவு கண்ட அந்த நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி இம்மலரின் ஆசிரியர் குழு கேட்டபோது, ரோமையும் வெனிஸையும் சுற்றி வருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது பொலோனியாவுக்கும் புளோரன்ஸுக்கும் நடுவே கிடக்கும் அப்பெனைன் மலையை. இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவுதான். இந்த மலையை ரயில் மூன்று முறை மூன்று வழியாகக் கடந்திருக்கிறது: 1864, 1934, 2009. நிறுவனத்தின் வரலாறு முழுவதும் அந்த மூன்று பாதைகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

இத்தாலி என்றொரு நாடு உருவாவதற்கு முன்பே அங்கே ரயில் வந்துவிட்டது. 1839 அக்டோபர் 3 அன்று நேப்பிள்ஸிலிருந்து போர்திச்சி வரை ஏழரை கிலோமீட்டருக்கு இங்கிலாந்தில் செய்த இன்ஜின் ஓடியது. மன்னர் இரண்டாம் பெர்டினாண்டு தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த மிலானிலிருந்து மோன்சாவுக்கு ஒரு பாதை. 1846-இல் வெனிஸின் காயலுக்குக் குறுக்கே இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட பாலம் எழுந்தது. அதுவரை படகில்தான் வெனிஸுக்குப் போக முடியும். ரோமில் மட்டும் கதவு சாத்தியிருந்தது. போப் பதினாறாம் கிரகோரி தம் ஆட்சிப் பகுதிக்குள் ரயிலை விடவே இல்லை. அவருக்குப் பின் வந்த ஒன்பதாம் பயஸ் காலத்தில், 1856-இல், ரோமுக்குப் பக்கத்து ஊரான பிரஸ்காத்தி வரை பாதை திறந்தது. நம் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் கிளம்பியதும் அதே ஆண்டில்தான்.

இப்படி அவரவர் ராஜ்யத்துக்கு அவரவர் துண்டுப் பாதை. ஒன்றோடொன்று சேராத இந்தத் துண்டுகளைச் சேர்த்தால் மக்களும் சேர்வார்கள் என்று 1846-இலேயே பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதியவர் கவூர். பின்னாளில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரும் அவரே.

வடக்கையும் நடு இத்தாலியையும் சேர்ப்பதற்குக் குறுக்கே நின்றது அப்பெனைன். பிரெஞ்சுப் பொறியாளர் புரோட்ஷ் அதற்கு வழி கண்டார். பொலோனியாவிலிருந்து ரேனோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஏறி, பொரெத்தாவைத் தாண்டி, பிஸ்தோயாவில் இறங்கும் ஒற்றை வழித்தடம் அது. 99 கிலோமீட்டரில் 47 சுரங்கங்கள். உச்சியிலிருக்கும் பிராக்கியா ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஓடினால் 25 மீட்டர் அளவுக்கு ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ஏற்றத்தில் வண்டி தள்ளிப் பழகியவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். 1864 நவம்பரில் மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் இதைத் திறந்துவைத்தார். மறு ஆண்டே தலைநகர் தூரினிலிருந்து புளோரன்ஸுக்கு மாறியது. புதிய தலைநகரை வடக்கோடு பிணைத்த முக்கியமான இழை இந்த ஒற்றைத் தண்டவாளம்தான்.

நிலக்கரிப் புகைதான் அந்தப் பாதையின் சாபம். ஏற்றத்தில் முழு மூச்சோடு இழுக்கும் இன்ஜின் குறுகலான சுரங்கத்துக்குள் நுழைந்தால், டிரைவரும் பயர்மேனும் மூச்சுத் திணறிப் போவார்கள். சக்கார்தோ என்ற பொறியாளர் சுரங்க வாயில் பெரிய விசிறி வைத்துக் காற்றை உள்ளே செலுத்தும் ஏற்பாட்டைப் பிராக்கியா சுரங்கத்தில் முதலில் பரிசோதித்தார். பிறகு மற்ற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. ஸ்டேஷன் கட்டடங்களை வியந்து எழுதும் பயண நூல்களில் சக்கார்தோவின் பெயரை நான் கண்டதில்லை.

1885-இல் நாட்டின் பாதைகளில் பெரும்பகுதியை மூன்று தனியார் கம்பெனிகளுக்கு இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். ஒப்பந்தம் முடியும் காலத்தில் கம்பெனிகள் புது இன்ஜினுக்கும் பெட்டிக்கும் பணம் போடுமா? போடவில்லை. 1905-இல் அரசு எடுத்துக்கொண்டபோது கைக்கு வந்தது தேய்ந்த தளவாடமும் மனம் நொந்த ஊழியர்களும். முதல் தலைமை இயக்குநர் ரிக்கார்தோ பியாங்கி சிசிலி ரயில்வேயை நடத்திப் பழகியவர். பத்தாண்டு பொறுப்பிலிருந்து நிறுவனத்தை நிமிர்த்தியவர். இத்தாலியில் ரயில் நேரத்துக்கு ஓடியதற்கு முசோலினியைப் பாராட்டும் வழக்கம் நம்மூரிலும் உண்டு. அந்தப் பாராட்டில் பெரும்பங்கு பியாங்கிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது பாதையின் வேலை 1913-இல் தொடங்கியது. உலகப் போர் குறுக்கிட்டது. மலையைச் சுற்றி ஏறாமல் அடியில் துளைத்துப் போவதுதான் திட்டம். 18.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். உள்ளே எரிவாயு கசிந்தது, தண்ணீர் பீறிட்டது. தொழிலாளர்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிர் விட்டார்கள். 1934 ஏப்ரலில் திறந்தபோது, இரட்டைத் தண்டவாளம் ஒரே குழாயில் செல்லும் சுரங்கங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். சுரங்கத்தின் நடுவிலேயே, மெதுவான வண்டிகள் ஒதுங்கி விரைவு வண்டிக்கு வழிவிட ஒரு ஸ்டேஷன் அமைத்தார்கள். அங்கிருந்து மலைமேல் உள்ள சிற்றூருக்கு வர 1800-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

இந்தப் பாதை வந்த கையோடு, மிக்கேலுச்சி தலைமையிலான இளம் கட்டடக் கலைஞர்கள் புளோரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனைக் கட்டினார்கள். பழைய தேவாலயத்துக்கு எதிரே தலைதூக்காமல் தாழ்ந்து நிற்கும் கட்டடம். 1931-இல் மிலானில் எழுந்த பிரம்மாண்ட மத்திய ஸ்டேஷனைவிட எனக்கு இதுதான் அழகு. 1939 ஜூலை 20 அன்று மின்சார ரயில் ஒன்று புளோரன்ஸிலிருந்து மிலானுக்குச் சராசரி 165 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, உச்சம் 203. அதே மிலான் ஸ்டேஷனின் கீழ்த்தளத்திலிருந்துதான் 1943 முதல் யூதர்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இப்போது நினைவகம் இருக்கிறது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை மலைப்பாதைகள் இரண்டையும் தகர்த்தது. போர் முடிந்ததும் அவற்றை மறுபடி கட்டினார்கள்.

மலைக்குத் தெற்கே வேறு கதை. ரோமுக்கும் புளோரன்ஸுக்கும் நடுவே ஆற்றோரமாக வளைந்து வளைந்து போன 316 கிலோமீட்டர் பாதைக்குப் பதிலாக, 254 கிலோமீட்டரில் நேர்ப்பாதை போட 1970-இல் வேலை தொடங்கியது. முதல் பகுதி 1977-இல் திறந்தது. பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி வந்ததோ 1981-இல். ஐரோப்பாவில் அதிவேகப் பாதையை முதலில் திறந்த நாடு இத்தாலி. ஆனால் முழுப் பாதையையும் முடிக்க 1992 வரை இழுத்ததால் பெயரை பிரான்ஸ் தட்டிக்கொண்டு போனது.

வன்முறை ஆண்டுகளும் இந்த மலையை விடவில்லை. 1974-இல் இரண்டாம் பாதையின் சுரங்கத்தை ஒட்டி இத்தாலிகுஸ் ரயிலில் குண்டு வெடித்து 12 பேர் மாண்டனர். 1980 ஆகஸ்ட் 2 அன்று பொலோனியா ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் 85 பேர். 1984 கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில் சுரங்கத்துக்குள்ளேயே இன்னொரு குண்டு. பொலோனியா ஸ்டேஷன் கடிகாரம் ஒன்று குண்டு வெடித்த 10:25-ஐ இன்றும் காட்டி நிற்கிறது.

மூன்றாம் பாதை 2009 டிசம்பரில் வந்தது. 78 கிலோமீட்டரில் 73 கிலோமீட்டர் சுரங்கம். பொலோனியா–புளோரன்ஸ் பயணம் 37 நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் தோண்டும்போது மலையின் நீரூற்றுகள் அறுபட்டன. முஜெல்லோ பகுதியில் ஓடைகள் வற்றின, வழக்குகள் நீதிமன்றம் ஏறின. வேகத்தின் புகழ் பாடும் விளம்பரங்களில் இது வராது. 2012-இல் இத்தாலோ என்ற தனியார் கம்பெனி அதே தண்டவாளத்தில் போட்டிக்கு வந்தது, கட்டணம் இறங்கியது. 1905-இல் கம்பெனிகளிடமிருந்து மீட்ட தண்டவாளத்தில் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடியும் கம்பெனி ரயில். இந்த முறை தண்டவாளம் மட்டும் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்த ஏற்பாடு பழையதைவிட மேல் என்பதே என் தீர்ப்பு.

இத்தாலிக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ரோமிலிருந்து வடக்கே போகும்போது விரைவு ரயிலில் போங்கள். திரும்பும்போது நேரமிருந்தால், பொலோனியாவிலிருந்து பொரெத்தா வழியாகப் பிஸ்தோயாவுக்கு வாருங்கள். மண்சரிவாலும் பராமரிப்பாலும் அந்தப் பாதையில் அடிக்கடி சேவை நின்றுவிடும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் வாங்கினால், வண்டியில் ஏறுமுன் பிளாட்பாரத்து எந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், மறந்தால் அபராதம்.