டைம்லர்-பென்ஸ்

பெட்ரோல் எஞ்சினில் ஓடும் காரை உலகுக்குத் தந்த இரு ஜெர்மன் நிறுவனங்கள் 1926இல் இணைந்து உருவான நிறுவனம் டைம்லர்-பென்ஸ். மெர்சிடிஸ்-பென்ஸ் சொகுசுக் கார்களால் புகழ்பெற்ற இந்நிறுவனம் லாரித் தயாரிப்பிலும் முன்னோடி. அந்த லாரி மரபில் வந்ததே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் இயங்கும் ஆலை.

தோற்றம்

மான்ஹைம் நகரில் மூன்று சக்கர மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ், 1886 ஜனவரி 29 அன்று அதற்குக் காப்புரிமை கோரினார். அதன் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் ஆற்றல் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. அதே ஆண்டில் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் நான்கு சக்கர வண்டி ஒன்றில் தங்கள் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். புதிய வாகனத்தின்மேல் மக்களுக்கு நம்பிக்கை வரச் செய்தவர் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் இரு மகன்களுடன் போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்த அவர், வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி நிரப்பினார். 1896இல் டைம்லர் நிறுவனம் உலகின் முதல் மோட்டார் லாரியை விற்றது.

மெர்சிடிஸ்

வேகமான கார் வேண்டுமென்று நீஸ் நகர வணிகர் எமில் யெலினெக் வற்புறுத்தியதால், மைபாக் 35 குதிரைத்திறன் கார் ஒன்றை வடிவமைத்தார். 1900 டிசம்பரில் கைக்கு வந்த அந்தக் காருக்கு யெலினெக் தம் மகள் மெர்சிடிஸின் பெயரைச் சூட்டினார். தாழ்ந்த உடல், நீண்ட அடிச்சட்டம், தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஆகியவற்றால் குதிரை வண்டியின் சாயலை அது முற்றிலும் உதறியது. 1901இல் நீஸ் பந்தயங்களை வென்ற பிறகு, செல்வந்தர்கள் விரும்பி வாங்கும் காராயிற்று.

1936இல் வந்த 260 டி, தொடர்உற்பத்தியில் வெளியான முதல் டீசல் கார்களுள் ஒன்று. 1978இல் எஸ் கிளாஸ் காரில், திடீர் பிரேக்கின்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏபிஎஸ் அறிமுகமானது. பின்னாளில் அது எளிய கார்களுக்கும் பரவியது.

இந்தியாவில்

1954இல் டாடா குழுமத்தின் டெல்கோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகள் தயாராகின. ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. சொகுசுக் கார் தயாரிப்பு 1990களின் நடுவில் புனேயில் தொடங்கியது.

ஒரகடம்

ஹீரோ குழுமத்துடன் தொடங்கிய லாரித் திட்டத்தை, அக்குழுமம் 2009இல் விலகிய பின் டைம்லர் தனியே முன்னெடுத்தது. 2011இல் பாரத்பென்ஸ் என்ற பெயரை அறிவித்து, 2012 ஏப்ரலில் ஆலையைத் திறந்தது. கனரக வாகனங்களுக்கு மெர்சிடிஸ் ஆக்சார், இலகுவானவற்றுக்கு ஜப்பானிய லாரியான ஃபூசோ கேன்டர் ஆகியவற்றின் வடிவமைப்பு அடிப்படையானது. இந்தியச் சாலைக்கும் சுமைக்கும் ஏற்ப அவை மாற்றப்பட்டன. 2013 முதல் ஃபூசோ லாரிகள் இங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. 2015இல் பேருந்து ஆலையும் சேர்ந்தது.

2021 டிசம்பரில் கார், லாரித் தொழில்கள் தனித்தனி நிறுவனங்களாயின. கார் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயரை ஏற்றது. டைம்லரின் பெயர் லாரி நிறுவனத்திடமே நிலைத்தது. ஒரகடம் ஆலை அதைச் சேர்ந்தது.