சுவாமியார் இல்லாத 29 ஆண்டுகள்: ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வசமாயிற்று. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்ற ஆணையும் அதே ஆண்டு பிறந்தது. குருக்கள் நாடுகடத்தப்பட்டார்கள், கோவில்கள் ஒல்லாந்தரின் புராட்டஸ்தாந்து சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் சுவாமியார் வந்து சேரும்வரை குரு என்று ஒருவர் அங்கே நிலையாக இல்லை. இக்கால வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவருடைய தீரத்தையே பேசினார்கள். அது உண்மையான தீரம். ஆனால் அதற்கு முந்தைய 29 ஆண்டுகளில் குடும்பங்கள் செய்ததே அடித்தளம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

துன்பம் அம்மக்களுக்குப் புதிதன்று. 1544இல், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார்க் கிறிஸ்தவர் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். அன்று வந்தது வாள். ஒல்லாந்தர் கையாண்டது வேறு வழி. வாளைவிட அதை எதிர்கொள்வது கடினம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த வழி, பதிவேடு. கோவிலோடு ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் தோம்பு என்னும் பதிவேடு. பிறப்பும் விவாகமும் அதில் ஏறினால்தான் பிள்ளைக்குச் சொத்துரிமை நிலைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் தண்டம். உத்தியோகம் சீர்திருத்தச் சபையாருக்கே. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பிலிப்பு பால்தேயஸ், அங்கே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவரைக் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கில் கத்தோலிக்கர் எத்தனை பேர், உரிமைக்காக மட்டும் பெயர் கொடுத்தவர் எத்தனை பேர் என்பதைத் தோம்பு சொல்லாது.

பலர் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். சட்டத்துக்காக ஒல்லாந்தக் கோவிலில் விவாகம் பதிந்தார்கள். பிற்பாடு குரு கிடைத்தபோது ஒளிவில் அதை ஆசீர்வதிக்கச் செய்தார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. வயலையும் வளவையும் இழந்தால் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாத குடியானவரை அப்படித் தீர்ப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயரை ஏட்டுக்குக் கொடுத்தவர்கள் செபத்தைக் கொடுத்துவிடவில்லை. மன்னார்ப் பகுதியின் மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை ஏறக்குறைய 20 குடும்பங்கள் 1670 அளவில் காட்டுக்குள் எடுத்துச் சென்றதாக மடு மரபு சொல்கிறது. இன்றைய மடுத் திருத்தலம் அவ்வாறு எழுந்ததே.

வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில், கடும் நோயோடு வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையை வெளியே தெரிய அணிந்துகொண்டு வீடுவீடாகப் போனார். அதைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். ஒரு தலைமுறைக் காலம் குருவே இல்லாத ஊரில் அந்த மாலை அடையாளமாகப் பயன்பட்டதே என் வாதத்துக்கு முதற்சான்று. யாழ்ப்பாணத்தின் சில்லாலைக் கிராமம் அவரை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்தது; ஒரு வீட்டார் காட்டிக்கொடுத்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். 1689 கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் சோதனை போட்டுப் பலரைப் பிடித்தார்கள். சிலர் கசையடியும் கடூழியமும் பெற்றார்கள். வாஸ் தப்பிப் புத்தளம் வழியே கண்டிக்குப் போனார். அங்கே ஒற்றன் எனச் சிறைப்பட்டு, பின்னர் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்று, 1711இல் மறைந்தார்.

அவரும் அவர் வழிவந்தவர்களும் புதிதாக எதையும் திணிக்கவில்லை, இருந்ததை ஒழுங்குபடுத்தினார்கள். ஊருக்கு ஊர் பொதுநிலையினரான மூப்பரும் அண்ணாவியாரும் செபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தபசுகாலத்தில் மக்கள் கூடி வாசிக்கும் நூலாயிற்று. வாசிப்பதற்குக் குரு வேண்டியதில்லை.

ஜப்பானிலும் இப்படி நடந்தது. குருவின்றி ஏழு தலைமுறை மறைந்திருந்த கிறிஸ்தவர்கள் 1865இல் நாகசாகியில் வெளிப்பட்டார்கள். ஆனால் அங்கே வெளியிலிருந்து குரு எவரும் வந்து தங்கிப் பணி செய்ய முடியவில்லை. இலங்கைக்குக் கோவாக் குருக்கள் வர முடிந்தது. நிறத்தாலும் உடையாலும் அவர்களை ஊராரிடமிருந்து பிரித்தறிய ஒல்லாந்தரால் இயலவில்லை.

1796இல் தீவின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் ஆளுநர் தாமஸ் மெயிட்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். பதவியும் சொத்தும் காரணமாகப் பெயர் கொடுத்தோர் நிறைந்த சீர்திருத்தச் சபை அப்போது விரைவில் கரைந்துபோனது. மறைவில் இருந்த சபை வெளியே வந்தது.

இந்த யாழ்ப்பாணக் கதைக்குத் தமிழ்நாட்டின் ஆரணிப் பகுதியோடும் ஒரு தொடர்பு உண்டு. சில்லாலைக்கு அடுத்த பண்டத்தரிப்பில்தான் 1820 முதல் அமெரிக்க மருத்துவ ஊழியர் ஜான் ஸ்கடர் பணி செய்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் ஆரணியிலும் நிலையம் அமைத்தது. யாழ்ப்பாணக் குடும்பங்களைப் போலவே இங்கும் சாதாரண மக்களின் பங்கு ஏட்டில் மறைந்தது: மிஷன் அறிக்கைகளை எழுதியவர்கள் ஊழியர்கள். விசுவாசத்துக்காக ஊரிலும் உறவிலும் விலைகொடுத்தவர்களின் சொல் அவற்றில் குறைவு. ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் பகுதிகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடோ, தாத்தா பாட்டியின் கையெழுத்துச் செபப் புத்தகமோ வைத்திருப்போர் அதைச் செல்லரிக்க விடாமல் படமெடுத்து அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடம் ஒரு படி கொடுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள்.