பணத்துக்கு முன் கையொப்பமா?

உழைத்தவனுக்கு ஊதியம் உண்டு என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், ஊதியம் கைக்கு வருமுன்னரே "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமிடச் சொல்லும் வழக்கம் உலகில் நெடுநாளாக இருந்து வருகிறது. கட்டிடத் தொழிலில் இவ்வழக்கம் விளைத்த கேடும், அதனைத் தடுக்க எழுந்த சட்டங்களும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

மனைக்குடையவர் பெரிய கண்டிராக்டர் ஒருவருடன் மட்டுமே உடன்படிக்கை செய்துகொள்கிறார். அவரோ தச்சு வேலையை ஒருவரிடமும், கொத்து வேலையை மற்றொருவரிடமும் ஒப்படைக்கிறார். இவர்களே உட்கண்டிராக்டர்கள். பணம் மேலிருந்து கீழே வரவேண்டும். இடையில் ஒருவர் அதை நிறுத்திக்கொண்டால் கீழுள்ளோர் கதி யாது? சுவரில் வைத்த செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் போக முடியாதன்றோ?

இத்துன்பத்துக்கு அமெரிக்க நாட்டார் ஒரு பரிகாரம் கண்டனர். வாஷிங்டன் நகரை நிருமாணிக்கத் தொடங்கிய காலத்தில், 1791ஆம் ஆண்டு, மேரிலாந்து சட்டசபை கட்டிட வேலைக்காரருக்கு அவர்கள் கட்டிய வீட்டின் மீதே பற்றுரிமை வழங்கிச் சட்டம் செய்தது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவர்களான தாமஸ் ஜெபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் இந்த யோசனையைக் கூறியோருள் அடங்குவர். கூலி வராவிடில் அவ்வீட்டையே பிணையாகக் கொண்டு வழக்காடலாம் என்பதே இவ்வுரிமையின் சாரம். நாளடைவில் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் பரவியது. அரசாங்கக் கட்டிடத்தின் மீது இவ்வுரிமை செல்லாதாகையால், அங்கே 1894ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும் கண்டிராக்டரிடம் ஜாமீன் பத்திரம் கேட்டன.

ஆனால், உரிமை பிறந்த இடத்தில் அதை எழுதி வாங்கும் தந்திரமும் பிறந்தது. பாக்கி எதுவும் இல்லையென்று மனைக்குடையவரும், கடன் கொடுத்த பாங்கியும் அறிய விரும்புவது நியாயமே. அதற்காக ஏற்பட்டதே விடுதலைப் பத்திரம். "முதலில் கையொப்பமிடு, பிறகு செக்குத் தருகிறேன்" என்று கண்டிராக்டர் சொன்னபோதோ, அந்நியாயமான பத்திரமே அநியாயத்தின் கருவியாயிற்று. கையொப்பமிட்டவன் பணத்தையும் இழந்தான், உரிமையையும் இழந்தான்.

இதனைக் கண்டு சில மாநிலங்கள் விழித்துக்கொண்டன. நியூயார்க் சட்டப்படி, பணம் தரும்போதோ தந்த பின்னரோ மட்டுமே விடுதலை எழுதி வாங்கலாம். கலிபோர்னியா சட்டம் நான்கு வகைப் பத்திரங்களை வகுத்துள்ளது. பணம் வருமுன் எழுதுவது நிபந்தனைப் பத்திரம். பணம் உண்மையில் கைசேர்ந்தாலன்றி அது செல்லாது. நிபந்தனையற்ற பத்திரத்திலோ, பணம் பெறாதவர் இதில் கையொப்பமிட வேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். இல்லினாய்ஸில், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைக் கண்டிராக்டர் சத்தியப் பிரமாணமாக எழுதி மனைக்குடையவரிடம் கொடுத்தல் வேண்டும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் வஞ்சகம் ஒளிய இடமேது?

நம் நாடுகளில் அமெரிக்காவைப் போன்ற பற்றுரிமைச் சட்டம் இல்லை. நம்மிடம் வந்தது வேறு வழி. சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 2014 ஏப்ரலில் அமுலுக்கு வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டமும், "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்னும் நிபந்தனையைச் செல்லாததாக்கின. கோர்ட்டுக்குப் போகாமலே நடுவர் ஒருவரிடம் முறையிட்டுத் தீர்ப்புப் பெறவும் வழி செய்தன. ஆனால், இரண்டு சட்டங்களும் எழுத்து மூலமான உடன்படிக்கையையே ஏற்கும். வாய்ச்சொல்லை நம்பிச் சிறு வேலைகளை ஏற்கும் நம்மவர் இதைக் கருத்தில் இருத்தல் வேண்டும்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை அறிந்தவனையே அது காக்கும். வேலைக்கு முன் எழுத்து, பணத்துக்குப் பின் கையொப்பம் — இவ்வொழுங்கை மாற்றச் சொல்பவர் எத்துணைப் பெரியவராயினும், அவரிடம் "ஏன்?" என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவே தன்மானம்.